பென்சிலால் எழுதிய திகதி

இந்தத் தொழிலில் கண் இன்றைக்குக் கண்டதை வாய் பத்து நாள் கழித்துத்தான் சொல்லலாம்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள ஸ்கேன் நிலையத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். பெண்களைக் கட்டிலில் ஏற்றுவது, துணியால் மூடுவது, டொக்டர் சொல்லும் இலக்கங்களை எழுதுவது, அவர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வது, இவ்வளவும் என் வேலை. கர்ப்பமாகி ஆறு, ஏழு வாரத்தில் வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். அந்த நேரத்தில் பிள்ளை ஓர் அரிசி மணி அளவுதான். ஆனாலும் அதற்குள் ஒரு துடிப்புத் தெரியும். துடிப்பு வேகமாக இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். மெதுவாக இருந்தால், அல்லது பை மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் தெரியாவிட்டால், அது நிலைக்குமா என்று டொக்டருக்கு ஓரளவு பிடிபட்டுவிடும். எழுதுகிறவள் என்பதால் எனக்கும் பிடிபடும். கட்டிலில் கிடக்கிறவளுக்கு மட்டும் தெரியாது.

அடுத்தவர் வாயிலிருந்து வரும் கெட்ட செய்தியைக் கைமாற்றிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். லேப் கவுண்டரில் ரிப்போர்ட் கொடுப்பவர்களே, விசா கந்தோர் யன்னலுக்குப் பின்னால் இருப்பவர்களே, இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் "பிள்ளைகளோட சம்பந்தப்பட்ட நல்ல வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு மாடியில் இருப்பவர்கள் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்கள்.

அழிக்கலாம்தானே

எங்கள் டொக்டர் சிங்களவர். தமிழில் அவருக்கு மூன்று சொல் தெரியும்: வயிறு, மூச்சு, சரி. என்னை "நங்கி" என்பார், தங்கச்சி என்று அர்த்தம். நான் அவரை சேர் என்பேன். நான் சேர்ந்த முதல் மாதத்தில், துடிப்புக் குறைந்த ஒரு பெண்ணுக்குப் பத்து நாள் கழித்து மறுபடி வரும்படி சொன்னார். அவள் எட்டு மணிக்கு வந்து, எட்டு மாத, ஒன்பது மாத வயிறுகளுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் இருந்தாள். பக்கத்தில் இருந்தவள் தன் பிள்ளை உதைப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி இவளுடைய கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்திருக்கிறாள். பிறகு இவள் உள்ளே வந்தாள். துடிப்பு இல்லை.

அன்றைக்குத்தான் சேர் ஒரு வழக்கம் தொடங்கினார். நிலைக்காது என்று அவருக்குத் தோன்றும் கேஸ் என்றால், பைலின் முகப்பில் அடுத்த திகதியை நான் பென்சிலால் எழுதவேண்டும். மற்றவர்களுக்குப் பேனை. கவுண்டரில் இருக்கும் தர்ஷினி பென்சிலைக் கண்டால் ஒன்றும் கேட்காமல் முதல் நம்பரைக் கொடுப்பாள். முதல் நம்பர் என்றால் காலை ஏழு மணி. வயிறுகள் வந்து கதிரைகளை நிறைக்க முன்னர் உள்ளே வந்து, பின் கதவால் ஒழுங்கைக்குப் போய்விடலாம். இந்த விஷயம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். ஏன் பென்சில், சிவப்பு மையால் எழுதினால் என்ன என்று நான் கேட்டதற்கு சேர் சிங்களத்தில் சொன்னது: "நான் பிழைவிடுகிற ஆள்தானே நங்கி. பென்சில் என்றால் அழிக்கலாம்தானே."

கோச்சி

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ரயிலை எங்கள் ஆட்கள் கோச்சி என்பார்கள். அது போகும்போது யன்னல் கண்ணாடி நடுங்கும், ஸ்கிரீனில் படமும் நடுங்கும். சேர் கையை எடுத்துவிட்டு அது போய் முடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொச்சிக்கடையிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். அவருக்குத் துறைமுகப் பண்டகசாலை ஒன்றில் வேலை. முதல் பிள்ளை. சேர் மூன்று தரம் எண்ணினார், நூறைத் தாண்டவேண்டிய துடிப்பு மூன்று தரமும் தொண்ணூறுக்குக் கீழே. நடுவில் ஒரு ரயில் வேறு போனது. பத்து நாளில் வரச் சொன்னேன். பெண்சாதி தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடினாள். மனுஷன் மட்டும் போகாமல் நின்று, எந்தெந்த நேரத்துக்கு ரயில் போகும் என்று கேட்டார். எனக்கு அது மனப்பாடமா என்ன?

பத்தாம் நாள் ஏழு மணிக்கு வந்தார்கள். அவர் கையில் ஒரு கடதாசித் துண்டு. வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குப் போய் காலை ரயில்களின் நேரத்தையெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். போனமுறை ரயில் ஆட்டியதால்தான் எண்ணிக்கை குறைந்தது, இந்தமுறை ரயில் இல்லாத நேரத்தில் எண்ணவேண்டும் என்றார். சிரிக்கக்கூடிய சேரும் சிரிக்கவில்லை. துண்டை வாங்கிப் பார்த்து, ஒரு ரயில் போய் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பிறகு ஸ்கேன் செய்தார். யன்னல் அசையவில்லை, படம் அசையவில்லை, அரிசி மணிக்குள்ளும் ஒன்றும் அசையவில்லை. நீண்ட நேரம் பார்த்தார், இரண்டு பக்கத்திலும் ஒரு ரயிலும் வரவில்லை. நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். பெண்சாதி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் துண்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இன்னைக்குன்னு பாத்து எண்ணுற நேரத்துல ஒரு கோச்சி கூட வரல்லியே மிஸ்."

கனடாவுக்கு முதல்

மொழிபெயர்ப்பில் நான் ஒரு காலம் பெரிய கெட்டிக்காரி என்று என்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். சேர் "நல்ல அறிகுறி இல்லை, நிற்பதற்கு வாய்ப்புக் குறைவு" என்று சொன்னால், நான் "கொஞ்சம் வளரட்டும், பத்து நாளில வாங்கோ" என்பேன். பத்து நாளாவது நிம்மதியாக இருக்கட்டுமே என்ற எண்ணம். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கியிருந்த ஒரு பிள்ளை. புருஷன் கனடாவில். கலியாணம் முடிந்து ஒன்றரை மாதம் நின்றுவிட்டுப் போனவர். டொக்டர் சொல்வதை அவருக்கு அனுப்பவேண்டும் என்று போனில் பதிவு செய்தாள். எத்தனையோ பேர் செய்வதுதான், நானும் கவனிக்கவில்லை. சேர் தன் பாட்டுக்குச் சொன்னார், நான் என் பாட்டுக்குச் சொன்னேன். அவள் நன்றி சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனாள். அவளுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் புருஷன் கனடா போக முன் கொழும்பில் ஏழு வருடம் வேலை பார்த்தவர். இரவோடு இரவாக அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவரும் என் கட்சிதான். பத்து நாளும் ஒன்றும் சொல்லாமல், அவள் தேடி எடுத்த பெயர்களுக்கெல்லாம் நல்லது நல்லது என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

முடிவு தெரிந்த அன்றைக்கு அவர் அழுதுகொண்டு உண்மையைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் அவள் தனியாக வந்தாள், நம்பர் எடுக்கவில்லை. நான் வெளியே வந்ததும் எழுந்து நின்றாள். சத்தம் போடுவாள் என்று பயந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்ர வயித்துக்குள்ள நடக்கிறதை கனடாவில இருக்கிற மனுசனுக்கு முதல் சொல்லிப்போட்டியள் மிஸ். பத்து நாளா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள்.

சொல்லுக்குச் சொல்

அன்றிலிருந்து சேர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்கிறேன். அதுவும் சுலபமில்லை. எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள், அதற்கு முன் ஒன்று நிலைக்காமல் போனது. அந்தக் காலத்தில் இவ்வளவு முந்தி யாரும் ஸ்கேன் பார்க்கவில்லை. ஒருநாள் வயிறு வலித்தது, போய்விட்டது, அவ்வளவுதான். அது எந்த நாள் நின்றது என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் நல்லதா என்று பதினொரு வருடமாக யோசிக்கிறேன். ஒரு நாளைக்கு ஓம் என்று படும், மறுநாள் இல்லை என்று படும்.

கொட்டாஞ்சேனைப் பெண் ஒருத்தி, அரசாங்கக் கந்தோரில் கிளார்க். சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவாள், ஆகவே எனக்கு வேலை இல்லை. மூன்று தரம் இழந்தவள். எங்கள் சுவரில் தாய்மார் பார்ப்பதற்கென்று ஒரு டிவி இருக்கிறது. சேர் தலையாட்டும்வரை நான் அதைப் போடக்கூடாது. அவள் படுத்தவுடனேயே போடச் சொன்னாள். போட்டேன். சேர் வாய் திறக்க முன் அவளே மூலையில் இருந்த இலக்கத்தைப் படித்தாள், "எழுபத்தெட்டு." நான் பென்சிலை எடுத்தேன். எத்தனையோ பேருக்கு எழுதிய கைதான், அன்றைக்கு எழுத்துச் சரியாக வரவில்லை, கண்ணும் கலங்கிவிட்டது. அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க இங்க நின்னு அழுதா சேர் ஏசுவாரு மிஸ். நான் வெளிய போய் அழுறேன், நீங்க பாத்ரூமுக்குப் போங்க."

பேனை காய்ந்த நாள்

இது என் பிழை. ஹெந்தளையிலிருந்து வந்த ஒரு பெண், ஏழு வாரம், துடிப்பு நல்ல வேகம். சேர் தலையாட்டினார், டிவியைப் போட்டேன், அவளும் புருஷனும் சிரித்தார்கள். மூன்று வாரத்தில் வரச் சொல்லித் திகதி எழுதப் போனால் பேனை காய்ந்துவிட்டது. உதறிப் பார்த்தேன், பைலில் கீறிப் பார்த்தேன். கையில் அகப்பட்டதை எடுத்து எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன். கையில் அகப்பட்டது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

தர்ஷினி தன் கடமையை ஒழுங்காகச் செய்தாள். முதல் நம்பரைக் கொடுத்தாள், அவளை ஃபேனுக்குக் கீழே இருத்தினாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், தோளைத் தொட்டு "மனசைத் தளர விடாதேங்கோ" என்றும் சொன்னாள். சிரித்துக்கொண்டு வெளியே வந்தவள் அத்தோடு சிரிப்பை நிறுத்தினாள். வீட்டுக்குப் போகாமல் நேரே கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றிருக்கிறாள். டொக்டர் எதையோ மறைக்கிறார் என்று மூன்று வாரம் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. ஏழு மணிக்கு அவள் வெளிறிப்போய் உள்ளே வந்தபோதுதான் பைலைப் பார்த்தேன், திகதி பென்சிலில் இருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, கையும் காலும் முளைத்து நன்றாக இருந்தது. நான் முழுவதையும் ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் ஏசவில்லை. "இனிமே இங்க யாரும் எனக்குத் தண்ணி மட்டும் தராதீங்க மிஸ்" என்றாள்.

தர்ஷினியின் திகதி

தர்ஷினியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் வீட்டார் யாழ்ப்பாணத்து ஆட்கள், அவள் வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னை அக்கா என்பாள். கலியாணம் முடிந்து ஆறு வருடம். ஆறு வருடமும் மற்றவர்களுக்கு நம்பர் கொடுத்துக்கொண்டு, வருகிறவர்கள் "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்" என்று கேட்டால் "கடவுள் தரேக்க தரட்டும்" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு இருந்தாள். போன வருடம் ஒருநாள் பைல் அடுக்குகிற சாட்டில் என் அறைக்கு வந்து காதுக்குள் சொன்னாள். நான் அவளைக் கட்டிப் பிடித்தேன், பைலெல்லாம் கீழே விழுந்தது. ஏழு வாரம் ஆகட்டும் என்று இரண்டு பேரும் நாளை எண்ணினோம். சேருக்கும் சந்தோஷம். "வயிறு, மூச்சு, சரி" என்று தன்னுடைய முழுத் தமிழையும் அன்றைக்குச் செலவழித்தார்.

எல்லோரும் போன பிறகு மத்தியானம் அவள் படுத்தாள். டிவியைப் போடச் சொல்லவில்லை. ரயில் ஒன்றும் போகவில்லை, இருந்தும் சேர் கையை எடுத்து எடுத்து எண்ணினார். எண்பத்துநாலு. நான் எழுதினேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பத்து நாள் என்று தண்ணீர்க் குழாயைப் பார்த்துச் சொன்னார். நான் பேனையை எடுத்தேன். சத்தியமாக வேண்டுமென்றுதான் எடுத்தேன். கனடாப் பிள்ளைக்குப் பிறகு ஒருவருக்கும் பொய் சொல்லாத நான், அவள் கையில் ஒரு பொய்யை எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தேன். ஆனால் அந்தக் கவுண்டரில் அத்தனை வருடம் இருந்தவளிடம் இதெல்லாம் எடுபடுமா? அவள் கட்டிலில் எழுந்திருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பென்சிலை எடுங்கோ அக்கா. பேனையால எழுதினா பிறகு அழிக்கேலாது."

இரண்டாம் நம்பர்

பத்து நாளும் அவள் வேலைக்கு வந்தாள். நம்பர் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், போனில் நேரம் சொன்னாள். நான் மேசை லாச்சியில் புது அழிறப்பர் ஒன்று வாங்கி வைத்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு நாளும் அந்த ஒன்றைத்தான் மன்றாடினேன்: இந்தப் பிள்ளையின் பைலில் அதை ஒருமுறை பாவிக்க விடு.

பத்தாம் நாள் காலையில் பென்சில் பைல் இரண்டு இருந்தது. மற்றது கொலன்னாவையிலிருந்து வரும் ஒரு பெண்ணுடையது. முதல்முறை பார்த்தபோது பை மட்டும்தான் தெரிந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. நம்பர் போட்டவள் தர்ஷினி. முதல் நம்பரை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் தனக்கு இரண்டாம் நம்பர் எழுதியிருந்தாள். ஏனடி என்று கேட்டேன். "அவவுக்கு ஒண்டும் தெரியாது அக்கா, இருந்து பதறுவா. எனக்கு எப்பிடி இருக்கிறதெண்டு தெரியும்" என்றாள்.

கொலன்னாவைப் பெண் உள்ளே வந்தாள். நாள் கணக்குத்தான் பிழையாக இருந்தது, அது எல்லோரும் நினைத்ததைவிடச் சின்னப் பிள்ளை. இப்போது அரிசி மணி இருந்தது, துடிப்பு இருந்தது, நல்ல வேகம். சேர் தலையாட்டினார், நான் டிவியைப் போட்டேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழிறப்பரை அவளுடைய பைலில் பாவித்தேன். பாவிக்கும்போதே, ஒரு நாளைக்கு இரண்டு தரம் அது கிடைக்காது என்று என்னவோ எனக்குப் பட்டது. அவள் மேல் எரிச்சல் கூட வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு தர்ஷினி படுத்தாள். சேர் பார்த்தார். ஒரு ரயில் வந்தது, கையை எடுத்தார், அது போனது, மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அவளிடமே நேராகச் சிங்களத்தில் சொன்னார். அவளுக்கு என் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. இருந்தும் என் வாய் பழக்கத்தில் தமிழில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். வெளியே வயிறுகள் வந்து கதிரைகளை இழுக்கும் சத்தம் கேட்டது. அவளைப் பின் கதவால் கூட்டிக்கொண்டு போனேன். ஒழுங்கையில் முச்சக்கர வண்டியில் ஏறி இருந்தவள் திரும்பி, தனக்கு முன்னால் போன ஆளுக்கு என்ன மாதிரி என்று கேட்டாள். நல்லம் என்றேன். தலையாட்டினாள். "அப்ப அவவின்ர திகதியை மறக்காமல் பேனையால எழுதுங்கோ அக்கா. பாவம், பயந்துபோடுவா."

எங்கள் மேசையில் ஒரு பேனை மூன்று மாதம் வருகிறது, பென்சிலைத்தான் அடிக்கடி புதிதாக வாங்கவேண்டியிருக்கிறது.